எழுபத்தொரு வயதில் எனக்கு ஓர் ஆண் குழந்தை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வருஷம் முடியப் போகிறதாம். ஆண்டவர் எனக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் எப்படி நிறைவேறியது என்று அடுத்த கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

“அஞ்சு நிமிசம் போதும் அம்மா. அதுக்கு மேல போவாதீங்க.”

ஐந்து நிமிடமா? எனக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடவே இரண்டு நிமிடம் ஆகும். மீதி மூன்று நிமிடத்தில் எதைச் சொல்ல, எதை விட? அதிலும் இந்த வருஷம் எனக்கு வந்த வாக்குத்தத்தம் லேசுப்பட்டதா?

அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்க்க மாட்டீர்கள்.

சர்ச்சுக்குப் போய்ப் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் ஒன்று. எங்கள் பக்கத்துச் சபைகளில் வருஷப் பிறப்பன்று ஒரு வழக்கம் உண்டு. பீடத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம். வரிசையாகப் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் என்ன இருக்கிறதோ, அதுதான் அந்த வருஷம் ஆண்டவர் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. சிலர் அதைப் பர்ஸில் வைப்பார்கள், சிலர் பீரோக் கண்ணாடியில் சொருகுவார்கள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கதவில்.

எடுப்பதிலும் ஆளுக்கு ஒரு முறை இருக்கிறது. சிலர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுப்பார்கள். என் பக்கத்து வீட்டு ஞானபாய் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாள். நான் எப்போதும் அடியில் இருப்பதைத்தான் உருவுவேன். மேலே இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எனக்கென்று ஆண்டவர் ஒன்றை வைத்திருந்தால் அதை அடியில்தானே ஒளித்து வைப்பார்?

இந்த முறையில் நான் இதுவரை ஏமாந்ததில்லை. போன வருஷம், என் சத்துருக்கள் எனக்கு முன்பாக முறிந்து போவார்கள் என்று வந்தது. அந்த வருஷம் ஞானபாய்க்குக் கடுமையான முட்டுவலி. நான் ஒன்றும் செய்யவில்லை.

இந்த வருஷப் பிறப்பன்று காலை ஆராதனைக்கு மகன் எட்வின், மருமகள் பிரீடா, நான், மூன்று பேரும் போயிருந்தோம். வரிசையில் போனேன். அடியிலிருந்து உருவினேன். இருக்கைக்கு வந்து உட்கார்ந்து வாசித்தேன்.

வாசித்தேன் என்றால்... எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதுவும் சத்தமாக. மனசுக்குள் வாசிப்பது என்கிறார்களே, அந்த வித்தை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வாய் அசைந்தால்தான் எழுத்து எனக்குள் போகும். அந்த நேரம் பார்த்து பாடகர் குழு ஒரு பாட்டை முடித்து அடுத்த பாட்டுக்குத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது. சர்ச்சில் ஊசி விழுந்தால் கேட்கும். என் குரலோ... அது எப்போதும் கேட்கும்.

சூனேம் என்ற ஊரில் ஒரு ஸ்திரீ. அவளுக்குத் தீர்க்கதரிசி சொன்ன வாக்கு. அடுத்த வருஷம் இந்நேரம் உன் மடியில் ஓர் ஆண் குழந்தை இருக்கும். இதுதான் சாரம்.

நான் விதவையாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. வயது எழுபத்தொன்று. கடைசிச் சொல்லையும் எழுத்துக்கூட்டி முடித்த பிறகுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது. அதற்குள் நான்கு பெஞ்சுக்கு விளங்கிவிட்டது.

“ஏட்டி ரத்தினம்,” பின் பெஞ்சிலிருந்து ஞானபாய் என் தோளில் தட்டினாள். “என்னவாக்கும் வந்திருக்கு? ஆம்பிளப் பிள்ளையா?”

“சும்மா இருட்டி.”

“எனக்க மவ நர்சுல்லா. இப்பமே சொல்லி வைக்கட்டா? கடைசி நேரத்துல பெட்டு கெடைக்காது.”

பெஞ்சு குலுங்கியது. பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் தாளால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எட்வின் என் மகன்தான், ஆனால் அந்த நிமிடம் அவன் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவன் போல ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரிக்காத ஒரே ஆள் பிரீடா. அவள் தன் கையில் இருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். இந்த முறை உதட்டை இறுக்கிக்கொண்டு முணுமுணுத்தேன். உன் தலை நரைக்கும் வரைக்கும் நான் உன்னைத் தாங்குவேன் என்கிற வாக்கு.

பிரீடாவுக்கு முப்பத்தாறு வயது. அவளுக்கும் எட்வினுக்கும் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி, மருந்து, ஜெபம் எல்லாம் பார்த்தாயிற்று.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளை வேண்டியவளுக்கு நரை வந்திருக்கிறது. நரைத்தவளுக்குப் பிள்ளை வந்திருக்கிறது. எங்கள் தபால்காரர் மாதம் ஒரு தடவையாவது என் கடிதத்தை ஞானபாய் வீட்டில் போட்டுவிட்டுப் போவார். அது மாதிரி வாசல் மாறிவிட்டது, அவ்வளவுதான். நான் சட்டென்று அட்டையை மாற்றினேன். என்னுடையதை அவள் கையில் வைத்து, அவளுடையதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“மாமி, அப்படி மாத்தலாமா?”

“மாத்தியாச்சு.”

ஆனாலும் மனசுக்குள் ஓர் உறுத்தல். வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்த எங்கள் போதகரிடம் — நாங்கள் ஐயர் என்போம் — கேட்டேவிட்டேன்.

“ஐயரே, வாக்குத்தத்தத்த மாத்திக்கிடலாமா?”

சின்ன வயதுக்காரர். எங்கள் சபைக்கு வந்து ஒரு வருஷம்தான். சிரித்தார். “அம்மா, அது அட்டைதானே. கட்டுக்கட்டா பிரஸ்ல அடிச்சு வருது.”

“அப்பம் வருசா வருசம் எங்களுக்கு பிரஸ்ல அடிச்ச தாளையாக்கும் குடுக்கிய?”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“அப்படிச் சொல்லல அம்மா... வாக்கு ஆண்டவருக்க வாக்குதான்.”

“அப்பம் மாத்தினது தப்பா?”

“மாத்துனா மாத்திக்கிடுங்க. ஆனா ஆளு தெரியாம குடுக்கிறவரு இல்ல அவரு. அத மட்டும் மறக்காதீங்க.”

எனக்கு வேண்டிய பாதி கிடைத்துவிட்டது. மறு பாதியை நான் கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். வாக்குக் கொடுப்பது ஆண்டவர். மற்ற ஏற்பாடெல்லாம் நான். காலையில் உளுந்தங்கஞ்சி. பதினோரு மணிக்கு ஸ்கூலில் சாப்பிட நேந்திரம்பழம் நெய்யில் வாட்டி டப்பாவில். பிரீடா டீச்சர். அவளுடைய ஸ்கூலில் எல்லா டீச்சருக்கும் எங்கள் வீட்டு நேந்திரம்பழத்தின் ருசி தெரிந்துவிட்டது. மோட்டார் ஓடாத நாளில் கிணற்றடிக்கு அவளை விட மாட்டேன். பரணிலிருந்து எட்வினின் பழைய தொட்டில் கம்பியை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். சபையில் யார் கேட்டாலும், “இந்த வருசம் பாருங்க” என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

விசுவாசம் என்றால் அப்படித்தானே? ஆண்டவர் சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்ல மனிதன் அல்ல. அப்புறம் நாம் சொல்வதற்கு என்ன பயம்?

ஞானபாய் ஞாயிறுதோறும் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள். “விசேசம் ஏதும் உண்டா?”

“வரும் வரும்.”

“யாருக்கு? உனக்கா, மருமவளுக்கா?”

நானும் சிரித்துவிட்டு உள்ளே வருவேன். உள்ளே பிரீடா எதையாவது கழுவிக்கொண்டிருப்பாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, புது லென்ஸ் வைத்திருக்கிறார்கள். ஞானபாய் வீட்டு முருங்கையில் எத்தனை காய் என்று இங்கிருந்தே எண்ணுவேன். அடுக்களையில் நின்ற மருமகளின் முகம் மட்டும் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் பிரிட்ஜ் கதவைப் பார்க்கிறேன். அட்டை இல்லை.

“வசனம் எங்க மக்களே?”

“உங்க வேதத்துக்குள்ள வச்சிருக்கேன் மாமி.”

“அங்க எதுக்கு?”

“அது உங்களுக்கு வந்தது.”

“எனக்கு வந்தா? இந்த வயசுல அத வச்சு நான் என்ன செய்ய?”

“எனக்குத் தெரியாது மாமி. எனக்கு வந்தத எனக்குத் தாங்க. நரைக்கிறது வரைக்கும் தாங்குவேன்னு சொல்லியிருக்காருல்லா? எனக்கு இப்பம் அதுதான் வேணும். தாங்கத்தான் எனக்கு ஆளு இல்ல.”

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். எனக்கு அது வசதி.

பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “வியாழக்கிழமை ஒரு ஆபீஸரம்மா வருவா. தத்து எடுக்கிற விசயமா. வீட்டைப் பாப்பா. வீட்டுல உள்ளவங்க எல்லார்ட்டயும் கேப்பா. உங்ககிட்டயும்.”

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன், எட்வின் கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தபோது, இருவரும் அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ஒரு நாள் பஸ் ஏறி என்னிடம் வந்து, தத்து எடுக்கப் பதிவு செய்யப் போகிறோம் என்றார்கள். நான் விட்டேனா? யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரோ, என்ன ரத்தமோ என்று ஆரம்பித்து, ஆபிரகாமுக்கு நூறு வயதில் கொடுத்த ஆண்டவர் உங்களுக்குக் கொடுக்க மாட்டாரா என்பதில் கொண்டுபோய் முடித்தேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே ஆபீஸர் வந்து பார்த்து எழுதியும் போயிருக்கிறார். வரிசை நீளம். காத்திருந்திருக்கிறார்கள். இதற்கிடையில் எட்வின் வேலையை விட்டுக் குழித்துறையில் டயர் கடை போட்டான், என்னோடு வந்து குடியேறினார்கள். அந்தப் பழைய அறிக்கைக்கு ஆயுசு முடிந்துபோயிற்றாம். வீடும் மாறிவிட்டது. புதிதாக எழுத வேண்டும். புது வீட்டில் புதிதாக ஓர் ஆள் இருக்கிறாள்.

நான்.

“நீங்க வேண்டாம்னு சொன்னா அவ அதையும் எழுதுவா மாமி. அவங்க வேலை அது.”

“ஆண்டவரு குடுப்பாருன்னு நம்பி இருக்க முடியாதாக்கும்? அதுக்குள்ள கவர்மெண்டுகிட்ட போவணுமா?” என்றேன். “ஆபிரகாம் காத்திருக்கலியா?”

“ஆபிரகாம் வீட்டுல மாமியார் இல்ல மாமி.”

கூடத்தில் எட்வினுக்கு டீ புரையேறியது.

“நாங்க நம்பிக்கிட்டுதான் இருக்கோம்,” என்றாள் பிரீடா. “நாலு வருசமா. ஆண்டவரு வாக்கு மாற மாட்டாரு, எனக்குத் தெரியும். வாசல்ல நிக்கிறது நீங்கதான்.”

நான் முறத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய்விட்டேன்.

அடுத்த இரண்டு நாள் காலை ஜெபத்தில் ஆண்டவரிடம் நேராகக் கேட்டேன். வாக்கு உம்முடையது, இதில் நான் எங்கே குறுக்கே நிற்கிறேன்? அவர் பேசவில்லை. என் பக்கம் நியாயம் இருந்தால் உடனே எனக்குச் சாதகமாக ஒரு வசனம் ஞாபகத்துக்கு வரும். ஐம்பது வருஷப் பழக்கம். இரண்டு நாளாக ஒன்றுமே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வந்தால் மனசு மாறிவிடுமா என்ன? நான் வேண்டாம் என்றே சொல்லப் போகிறேன் என்றுதான் வியாழக்கிழமை விடிந்தது.

அதற்காக வந்தவளுக்கு உபசாரம் செய்யாமல் இருக்க முடியுமா? முந்திரிக்கொத்து சுட்டேன். அச்சப்பம் வாங்கி வரச் சொன்னேன். கஞ்சி போட்ட சேலை உடுத்தினேன். வேண்டாம் என்று சொல்வதையும் மரியாதையாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

ஆபீஸரம்மாவுக்கு முப்பது வயதுகூட இராது. தோளில் லேப்டாப் பை, கையில் ஃபார்ம் கட்டு. வீடு முழுக்கச் சுற்றினாள். கரண்ட் பிளக் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாள். பாத்ரூம் பார்த்தாள். புழக்கடைக்குப் போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“கிணத்துக்கு மூடி இல்லையா பாட்டி?”

“இதே கிணத்தடியிலதான் இவன் வளந்தான். விழுந்தானா?”

எட்வினைப் பார்த்தாள். விழுந்திருக்கலாமோ என்கிற மாதிரி பார்த்தாள். மூடி போட வேண்டும் என்று எழுதிக்கொண்டாள்.

கூடத்தில் உட்கார்ந்தோம். அவர்கள் இருவரையும் என்னென்னவோ கேட்டாள். பதில் சொல்லச் சொல்ல எழுதினாள். நான் என் முறைக்குக் காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அப்போது கேட்டாள். “ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் குழந்தை யாருகிட்ட இருக்கும்?”

பிரீடா என்னைப் பார்க்காமல் சொன்னாள். “குழித்துறையில ஒரு கிரெச் பாத்து வச்சிருக்கோம் மேடம்.”

கிரெச்சா!

நீங்களே சொல்லுங்கள். நான் இங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன். நாலு பிள்ளை பெற்று, அதில் ஒன்றைப் புதைத்து, மூன்றை வளர்த்தவள். என் முன்னால், அந்நிய பொம்பளை ஒருத்தியிடம், இந்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கிரெச்சில் விடுவோம் என்கிறாள்!

“கிரெச்சு எதுக்கு? நான் செத்துப்போனேனா?” என்றேன். “இந்த வீட்டுப் பிள்ளை கண்டவளுக்க கையிலயும் கெடந்து அழணுமா? நான் பாப்பேன். எனக்க மடி என்ன, வாடகைக்கு விட்டிருக்கா?”

ஆபீஸரம்மா பேனாவை நிறுத்தினாள்.

“அப்போ உங்களுக்குச் சம்மதம்தானே பாட்டி?”

மனப்பாடம் செய்த மூன்று வாக்கியமும் எங்கே போயின என்று தெரியவில்லை. பிரீடாவைப் பார்த்தேன். அவள் தட்டில் இருந்த முந்திரிக்கொத்துகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

“சம்மதம்,” என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனம் திரும்பினேன், அன்பு பொங்கிற்று என்றெல்லாம் சாட்சி சொன்னால் சபையில் கைதட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு என்னைப் பேச வைத்தது முதலில் வீறாப்புதான். கிரெச்சுக்காரியிடம் தோற்க மாட்டேன் என்கிற வீறாப்பு. அன்பு பிறகு மெதுவாக, பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தது. ஆண்டவர் அந்த வீறாப்பையும் வீணாக்கவில்லை. நம்முடைய நல்ல குணம் முளைத்து வளரட்டும், பிறகு வாக்கை நிறைவேற்றலாம் என்று அவர் காத்திருந்தால், உலகத்தில் ஒரு வாக்காவது நிறைவேறியிருக்குமா? வீட்டில் என்ன இருக்கிறதோ, அதை வைத்துச் சமைக்கிறார்.

ஐயர் வாசலில் சொன்ன மறு பாதியும் அப்போதுதான் காதில் விழுந்தது. ஆள் தெரியாமல் கொடுக்கிறவர் இல்லையாம். பிரீடாவின் மடி நான்கு வருஷமாகத் தயாராக இருந்தது. அவளிடம் போய் அவர் என்ன புதிதாகச் சொல்ல? சொல்ல வேண்டிய ஆளிடம்தான் சொல்லியிருக்கிறார். அதை நான் அவசரமாக மாற்றி அவள் தலையில் கட்டி, இரண்டு மாதம் உளுந்தங்கஞ்சி ஊற்றியிருக்கிறேன்.

கிணற்றுக்கு மூடி போட்டோம்.

ஜூலையில் தத்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. படம் அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எட்வின் டயர் கடையிலிருந்து கரிக் கையோடு ஓடி வந்தான். மூன்று பேரும் ஒரு போனுக்குள் தலையை விட்டுப் பார்த்தோம். ஒன்றரை வயது. பெரிய நெற்றி. போட்டோ எடுத்தவரை முறைத்துக்கொண்டிருந்தது.

பெண் குழந்தை.

“எட்வினு, நல்லா பாத்தியா? பொம்பளப் பிள்ளையா?”

“ஆமா அம்மா.”

“வசனத்துல ஆம்பிளப் பிள்ளைன்னுல்லா...”

“மாமி!” என்றாள் பிரீடா. அவ்வளவுதான் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது புது வழக்கம்.

பதில் சொல்ல இரண்டு நாள் ஆகவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வட மாவட்டத்தில் ஓர் இல்லத்திலிருந்து அழைத்து வந்தார்கள். வந்து இறங்கியதும் நான் இரண்டு கையையும் நீட்டினேன். எத்தனை பிள்ளை தூக்கின கை! அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்து... நான் முத்தம் என்று நினைத்தேன். நான்கு பல் பதிந்தது.

அதற்கப்புறம் என்னை “ஆயா” என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் பக்கத்திலோ, ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுகிறவள் ஆயா. “பாட்டின்னு சொல்லு மக்களே” என்று இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தேன். அவள் எனக்கு ஆயா என்று சொல்லிக் கொடுத்தாள். அவள் ஜெயித்துவிட்டாள். கால் கழுவி விடுவதும் நான்தானே, பிறகு என்ன?

அவள் வந்த மூன்றாவது நாள் மதியம், நான் முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தேன். தானாக வந்தாள். முறத்தைத் தள்ளிவிட்டாள். மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். பயறு தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. ஸ்கூல் விட்டு பிரீடா வரும் வரைக்கும் நான் அசையவில்லை. கால் மரத்துப்போய், எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறு சர்ச்சுக்குக் கொண்டுபோனோம். ஞானபாய் விடுவாளா? பிள்ளையின் ஃபிராக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“ஏட்டி ரத்தினம், ஆண்டவரு ஆம்பிளன்னுல்லா சொன்னாரு? இது ஃபிராக்குல்லா போட்டிருக்கு? வாக்கு மாறிட்டா?”

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

“நீ வாத்தியார் மாப்பிளை வேணும்னு மூணு வருசம் உபவாசம் இருந்தியே. யாரு வந்தா?”

“...கண்டக்டர்.”

“அம்பது வருசம் குடும்பம் நடத்தலியா? ஆண்டவரு வாக்கு மாறிட்டாருன்னு ஒரு நாளாவது சொன்னியா?”

ஞானபாய் ஒரு நிமிடம் யோசித்தாள். “நெறைய நாளு சொன்னேன்,” என்றாள். பிறகு பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆராதனை முடியும்வரை தரவில்லை. அவளுக்கும் கட்டைவிரலில் நான்கு பல் பதிந்தது. எனக்குக் கொஞ்சம் திருப்தி.

விளையாட்டாகப் பதில் சொல்லிவிட்டேனே தவிர, அன்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான்கு வருஷத்துக்கு முன் நான் வேண்டாம் என்று சொன்ன நாளில் இந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. அதைப் பெற்றவள் யாரோ, எங்கேயோ இருந்திருப்பாள். நான் குறுக்கே நிற்பேன், இத்தனை நாள் நிற்பேன் என்பதெல்லாம் ஆண்டவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என் பிடிவாதத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி ஒரு பிள்ளையை எங்கோ வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அவர் உண்மையுள்ளவர் என்று ஐம்பது வருஷமாகப் பாடியிருக்கிறேன். நம்முடைய கோணல் புத்தியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு உண்மையாக இருக்கிறார் என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது.

ஆனால் ஒன்று. அது ஆண்டவர் கணக்கு. அவர் சரிசெய்துவிட்டார் என்பதற்காக நான் செய்தது சரியாகிவிடுமா? நான்கு வருஷம் ஒருத்தி கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தாள். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவரிடம் கேட்பது சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டாம். அவளிடம் நான் கேட்கவில்லை. ஜூலை போய், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிற காலமும் வந்துவிட்டது. இன்னும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்புக்காரி இந்தப் பத்திரிகையில் வாரம் தவறாமல் இத்தனை அழகாக எழுதுகிறாளே என்று உங்களில் பலர் கடிதம் போடுகிறீர்கள். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சொல்லுவேன், எழுதுவது பிரீடா. இதையும் அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். கழுவின பாத்திரம் என்று நான் சொன்ன இடத்தில் பேனா நின்றது. ‘எழுது’ என்றேன், எழுதினாள். இப்போது தலையைத் தூக்காமல் எழுதுகிறாள். தாளில் ஒரு சொட்டு விழுந்திருக்கிறது. மை கலைந்தால் அச்சுக்கோர்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். இனி வருவது என் கையெழுத்து.

பிரீடா, மாமி செய்தது தப்பு. மன்னிச்சிரு மக்களே.

இந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் எனக்குப் படிப்பில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மடியில் உட்கார்ந்து ஒருத்தி பேனாவைப் பிடித்து இழுக்கிறாள்.